நீங்கியதற்கான காரணம்

மாற்றுச் சான்றிதழில் அந்தக் கட்டம்
ஒரு விரல் அகலம்.
பதினெட்டு வருஷமாக அதில்
ஒரே சொல்லைத்தான் எழுதிவருகிறேன்:
மேற்படிப்புக்காக.

செங்கல் சூளைக்குப் போனவனுக்கும் மேற்படிப்பு.
தடா பக்கம் கம்பெனி வேன் ஏறினவளுக்கும்.
சத்தியவேட்டுக்கு வாழ்க்கைப்பட்ட
பதினாறு வயசுக்கும் அதேதான்.
வேறெதை எழுதினாலும்
பின்னாளில் பிள்ளையின் காலைச் சுற்றும்.
பொய்தான்.
நீல மையில், நல்ல கையெழுத்தில்.

லிகித், ஒன்பதாவது பி.
எழுதப்பட்டது என்று அர்த்தமாம் பெயருக்கு.
எழுத வராது.
டியூப்லைட்டைச் சுற்றும் ஈசல் அவனுக்கு எழுத்து.
ஒன்றைப் பிடித்தால்
இன்னொன்று இறகை விட்டுவிட்டுப் போய்விடும்.
வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ்,
இரண்டிலும் ஈசல்தான்.

தலைமையாசிரியர் கெட்டவரல்ல.
"அடுத்த வருஷம் இவன் பத்தாவது" என்றார்,
மேஜைக் கண்ணாடியைப் பார்த்தபடி.
"போன தடவை தொண்ணூத்தாறு சதவீதம்."
அவ்வளவுதான் சொன்னார்.
நான் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்தேன்.

இரவு ஷிப்டு முடித்து
கழுத்து அட்டையைக் கழற்றாமல் வந்தாள் நாகபூஷணம்மா.
"வாடிக்கி சதுவு ராது மேடம்"
என்றாள் எல்லாரையும் முந்திக்கொண்டு.
எங்கே கையெழுத்து என்று கேட்டாள்.

பையனிடம் கேட்டேன்:
"இங்க காரணம்னு ஒரு கட்டம். நீயே சொல்லு."
ஃபேன் நாலைந்து சுற்று சுற்றியது.
"வாசிக்கச் சொல்லி ஒவ்வொருத்தரா வரும்ல மேடம்...
என் பெஞ்சுக்கு மூணு பெஞ்சு முன்னாடியே
வயித்த வலிக்க ஆரம்பிச்சிடும்."

அந்தக் கட்டத்தில் அது கொள்ளாது.
தாளைக் கிழிக்காமல்
ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன்.

நீங்கள் எதிர்பார்ப்பது தெரியும்.
மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான்,
படம் வரைவான், பந்து வீசினால் ஸ்டம்பு பறக்கும்.
இல்லை.
லீவில் பம்ப்செட் கடையில் பதினோரு நாள்,
போல்ட்டை மாற்றிப் போட்டு அனுப்பப்பட்டான்.
பேக்கரியில் தூங்கிவிட்டான்.
சாதாரணப் பையன்.
ஏதோ ஒரு கெட்டிக்காரத்தனம் ஒளிந்திருந்தால்தான்
ஒரு பிள்ளைக்கு வழி விடுவீர்களா?

சாப்பாட்டு வேளையில் ஒரு கையில் டப்பா,
ஒரு கையில் போன்.
"வெல்டருக்கு எட்டாவது பாஸ் போதும்"
என்றார் ஐடிஐயில் ஜெயசிங்,
"ஆனா தியரி பேப்பர் இருக்கே."
அவன் சொல்லச் சொல்ல வேறு ஆள் எழுதலாமா?
"டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தா கேட்டுப் பார்க்கலாம்."

கேட்டுப் பார்க்கலாம்.
அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு
திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு நாலு நடை.
நாலு நாள் சம்பளம் போயிற்று அவளுக்கு.
ஆரணி ஆறு தரைப்பாலத்தை மூடின அன்று
பஸ் சுற்றிக்கொண்டு போய் டோக்கன் தவறியது.
கடைசியில் ஒரு டாக்டரம்மா
அவனுக்கு இருப்பதற்கு ஒரு பெயர் சொன்னார்.
"இதுக்கு பேரெல்லாம் இருக்கா?" என்றான்,
யாரோ அவனுக்குச் சொந்தக்காரரைக்
கண்டுபிடித்துக் கொடுத்ததுபோல.

சேர்ந்தான். டிசி ஒரு மாசத்துக்குள் வேண்டும் என்றார்கள்.

மூன்றாவது வாரம், வேலை நாள்,
ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.
புறங்கையில் தீப்பொறி சுட்ட புள்ளிகள்.
நான் எதுவும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.
வருகைப் பதிவேடுகளை அடுக்கினேன்.
மணி அடித்தது.
வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.
பிறகு எழுந்து,
"ரெண்டரை பஸ் இருக்கா மேடம்?"

இருந்தது.

அவன் போனபின் பூட்டைத் திறந்தேன்.
பழைய சொல்தான், அதே நீல மை.
முதல் எழுத்தில் கை நின்றது;
ஒற்றி எடுக்க வேண்டியிருந்தது.

நாளைக்கும் அவன் திரும்பி வரலாம்.
பெஞ்சைத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.
டப்பாவுக்குக் கீழே இன்னொரு தாள் இருக்கிறது:
ஹேமலதா, ஒன்பதாவது ஏ.